கேட்கச் சொன்ன சிவநேசன்

சிவநேசன் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவள் என் மகள். அவள் மெல்பர்னில் இருக்கிறாள். நான் பிளாக்டவுனில், அவர் வீட்டுக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறேன். பல வருடங்கள் அவருக்குப் பக்கத்து அறையில் வகுப்பு எடுத்தவன். ஆனாலும் அவர் மனைவி முதலில் தொலைபேசியில் அழைத்தது என் மகளைத்தான். "அப்பா, சிவா அங்கிள் போயிட்டார். காலைல டீ குடிச்சிட்டு உக்காந்தவர் எந்திரிக்கவே இல்லையாம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். என் அம்மா இறந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உங்களில் பலர் எங்கள் சமூகக் கல்லூரியின் சனிக்கிழமை ஆயத்த வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் வகுப்பு அது. ஒரு பிரிவு என்னிடம் கணிதம் படிக்கும்போது மற்றது அவரிடம் இருக்கும். பிறகு மாறிக்கொள்வார்கள். நடுவில் இருந்த சுவர் மெலிதானது. நான் வகை நுண்கணிதத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் சிரிப்பு வெடிக்கும். என் பிள்ளைகளின் பேனா நின்றுவிடும். எப்போது மணி அடிக்கும், எப்போது அந்த அறைக்குப் போகலாம் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருக்கும்.

அவர் நடத்தியதைப் பாடம் என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கப் பழக்கினார், அவ்வளவுதான். முதல் நாள் எப்போதும் ஒரே கதை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அவர் கணக்கியல் படிக்கச் சேர்ந்தார். "நான் பிழையான வகுப்பில போய் இருந்திட்டன் பிள்ளையள். எழும்பிக் கேக்க வெக்கம். அந்தத் தவணை முழுக்க அங்கதான் இருந்தனான். கணக்கு ஒண்டும் தெரியாது. ஆனா பூச்சியளைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுவன்." பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். என் முனைவர் பட்டத்துக்குக் கிடைக்காத மரியாதை அவருடைய பூச்சிகளுக்குக் கிடைத்தது.

விடுமுறையில் ஒரு நாள் எல்லோரையும் ரயிலில் ஏற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போவார். ஒவ்வொருவரும் தனியாக விசாரணைக் கவுண்டருக்குப் போய்த் தன் கேள்வியைக் கேட்க வேண்டும். பதில் விளங்காமல் நன்றி சொல்லக் கூடாது. இது அவருடைய சட்டம். நம் பிள்ளைகளைத்தான் தெரியுமே, கவுண்டரில் இருப்பவர் வாயைத் திறந்ததுமே தலையாட்டி, "தாங்க்யூ" சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். அவர் வழியை மறித்துக்கொண்டு நிற்பார். "விளங்கினதோ? விளங்கேல்லையெண்டா என்னத்துக்குத் தாங்க்யூ சொன்னனீ? திரும்பிப் போ." ஒரு பையன் நான்கைந்து தடவை போய் வந்தான். கடைசியில் கவுண்டர் பெண்மணியே எழுந்து வந்து அவனுக்கு நாற்காலி போட்டாள்.

ஒரு வருடம் என்னிடம் இரவு பகலாக உழைத்துப் படித்த பெண்ணுக்குப் பொறியியலில் இடம் கிடைத்தது. அவளுடைய அம்மா ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் வாங்கிய இனிப்புப் பெட்டியோடு என்னைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றார். "சேர், எல்லாம் உங்களாலதான்." அவர் என்னைக் கை காட்டினார். "கணக்குப் படிப்பிச்சவர் அங்க நிக்கிறார். அவரிட்டக் குடுங்கோ." அந்த அம்மா வந்து பெட்டியைத் திறந்து நீட்டினார். "ஒண்டு எடுங்கோ சேர்." ஒன்று எடுத்துக்கொண்டேன். பெட்டி சிவநேசன் சாரிடமே போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் மகளும் அந்த வகுப்பில் இருந்தாள். அவள் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் முடிவு. நேர்முகத் தேர்வுக்கு உதவும் என்று நானே சேர்த்துவிட்டேன். பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று துணைக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்றதால் நானும் போனேன். அவளுடைய முறை வந்தது. நான் பின்னால் நிற்பது தெரிந்தும், கணிதத்தை விட்டுவிட்டால் தனக்கு எந்தப் படிப்புகள் கிடைக்கும் என்று கேட்டாள். பதிலுக்குமேல் கேள்வி, அதற்குமேல் இன்னொரு கேள்வி. எல்லாம் விளங்கிய பிறகுதான் நன்றி சொன்னாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்கியத்துக்குமேல் பேசாத பெண் அவள்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் பிள்ளைகள் இறங்கிப் போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என் பொண்ணைக் கெடுத்துட்டீங்க சார்."

"என்னோட ஏன் கொதிக்கிறீர் ஐசே? கேள் எண்டு மட்டும்தான் நான் சொன்னனான். என்னத்தைக் கேக்கிறது எண்டு சொல்லிக் குடுக்கேல்ல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"உம்மட்டக் கேட்டா நீர் உடன பதில் சொல்லிப்போடுவீரே" என்றார்.

அந்த வார்த்தைக்காக நான் அவரை மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக இன்று மன்னித்ததாக எழுதவும் மாட்டேன். அவள் கணிதத்தை விட்டிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சமூகப் பணி படித்தாள். மெல்பர்னுக்குப் போனாள். பண்டிகைக்கு வருவாள், சாப்பாடு நன்றாயிருந்தது என்பாள், போவாள்.

இறுதிச் சடங்கில் உட்கார இடமில்லை. என்னிடம் படித்தவர்களும் வந்திருந்தார்கள், அவருக்காக. என் மகள் எழுந்து பேசினாள். பூச்சிக் கதையை அவர் குரலிலேயே சொன்னாள். கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது. நான் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றிருந்தேன்.

மறுநாள் அவளை விமான நிலையத்துக்குக் காரில் அழைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குப் போன் செய்வாளாம். எனக்குத் தெரியாது.

"அப்படி என்னதான் பேசுவீங்க?"

"மோஸ்ட்லி உங்களைப் பத்திதான்பா."

"என்னைப் பத்தி என்ன?"

அவள் சாலையைப் பார்த்தாள். "இப்ப வேணாம்பா. ஃபிளைட்டுக்கு நேரமாச்சு."

வருடக்கணக்கில், எனக்குத் தெரியாத என்னை அவர் தெரிந்து வைத்திருந்திருக்கிறார். காய்கறிக் கடையில் பார்க்கும்போதெல்லாம் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் "எப்பிடி ஐசே, சுகமோ?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அவருக்குக் கிடைத்த பெயரின்மேலும் கூட்டத்தின்மேலும் எனக்கு இருந்த பொறாமை இதன்முன் ஒன்றுமே இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, காரில் பதில் கிடைக்காத அந்தக் கேள்வியைத்தான். மகள் அடுத்த முறை வரும்போது மறுபடி கேட்பேன். அவள் சொல்லத் தொடங்கினால் நடுவில் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. அவரால் முடிந்திருக்கிறது.