பொங்கலுக்குக் கழுவிய லொறி

அன்று காலை யார்டில் நின்றவர்கள்: லொறிச் சொந்தக்காரர் தவம் அண்ணை. அவர் மனைவி புனிதமக்கா, கையில் பொங்கல் பானை. டிரைவர் குகன். மெக்கானிக் யோகன், நான். வேறு ஒருவரும் இல்லை.

லொறி யார்ட் கியூபெக்கில், டோர்வல் என்ற ஊரில், விமான நிலையத்துக்குப் பின்பக்கம். அன்று தைப்பொங்கல். மைனஸ் இருபத்தாறு டிகிரி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் அதிகம் படிக்கவில்லை. கையால் செய்ததை எழுதுகிறேன்.

1. பனி விழமுதல்

குளிர்கால வேலையை ஐப்பசியிலேயே தொடங்கவேண்டும். பற்றரியை லோட் போட்டுப் பார். கூலண்ட் எத்தனை டிகிரி மட்டும் தாங்கும் என்று பார். என்ஜின் சூடாக்கும் வயரைச் செருகி, தொட்டுப் பார். டீசல் ஃபில்டரை மாற்று. இவற்றில் எதையாவது விட்டால் லொறி ஸ்டார்ட் வராது. முதலாளி ஏசுவார். அவ்வளவுதான்.

பிரேக் அப்படி இல்லை.

பெரிய லொறிகளுக்கு எயார் பிரேக். காற்றோடு ஈரமும் டாங்கிக்குள் போகும். ஆகவே டாங்கியின் தண்ணீரை ஒவ்வொரு நாளும் திறந்து விடவேண்டும். எயார் ட்ரையரை வருடா வருடம் மாற்றவேண்டும். லொறியை நிறுத்தி பார்க்கிங் பிரேக்கை இழுத்தால், உள்ளே ஷூ என்கிற பிரேக் தகடு போய், சில்லோடு சுற்றும் ட்ரம்மைப் பிடிக்கும். ஷூ ஈரமாக இருந்தால் அந்தக் குளிரில் இரண்டும் ஒட்டி ஐஸாகிவிடும். பிறகு பிரேக்கை விட்டாலும் சில்லு சுற்றாது.

அதனால் கடும் குளிரில் லொறியைக் கழுவக்கூடாது. கழுவினால், பிரேக்கை மெல்ல மிதித்து மிதித்துக் கனதூரம் ஓடவேண்டும். அந்தச் சூட்டில் ஷூ காயும்.

2. கழுவியது

குகன் வவுனியாப் பொடியன். லொறி லைசென்சுக்கு இரண்டு தடவை ஃபெயில். ஓட்டத்தில் இல்லை, பிரெஞ்சில். பகலில் டிப்பனர் என்கிற சின்னக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டே பிரெஞ்சு படித்து மூன்றாம் தரம் எடுத்தான். ஊரிலிருக்கும் மனைவியைக் கூப்பிடப் பேப்பர் போட்டிருந்தான். நிரந்தர வேலை வேண்டும். பொங்கலிலிருந்து இந்த லொறி உனக்குத்தான் என்று தவம் அண்ணை சொல்லியிருந்தார். அன்று கியூபெக் சிற்றிக்கு முதல் ஓட்டம். சாமான் முதல்நாளே ஏற்றியாகிவிட்டது.

லொறி முழுக்க ரோட்டு உப்பு. வெள்ளைச் சுவர் மாதிரி நின்றது.

"கிட்டடியிலை சுடுதண்ணி வோஷ் இருக்கு. கழுவிக்கொண்டு வரட்டும்" என்றார் தவம் அண்ணை.

"வேண்டாமண்ணை. பிரேக் உறையும்" என்றேன்.

"பொங்கலண்டு உப்புப் படிஞ்ச வண்டிக்கோ சந்தனம் வைக்கிறது? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"இஞ்ச எந்தச் சனம் நிக்குது?"

"சூரியன் பாக்கிறாரெல்லே தம்பி" என்றார் புனிதமக்கா.

"அவர் இண்டைக்கு லீவு, அக்கா" என்றான் குகன். வானம் மூடிக்கிடந்தது. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிரேக்கை மிதித்து மிதித்து வரச்சொல்லி அனுப்பினேன். அவன் அப்படித்தான் வந்தான். ஆனால் வோஷ் கிட்ட; ஷூ காய அந்தத் தூரம் காணாது. யார்டின் நிலம் கேற் பக்கம் கொஞ்சம் சரிவு. ஆகவே நிறுத்தியதும் பார்க்கிங் பிரேக்கை இழுத்தான். பூசை தொடங்கியது. சந்தனம், குங்குமம், பானைக்கு முன்னால் தேங்காய். காற்றுக்குக் கற்பூரம் நிற்கவில்லை. புனிதமக்கா கையை மறைத்து மறைத்துக் கொளுத்தினார். நேரம் போனது.

3. சுத்தியல்

"சரி தம்பி, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைக்கப்போறன். முதல்லை ஒருக்கா அசைச்சுப் பார்" என்றார் தவம் அண்ணை.

குகன் பிரேக்கை விட்டு மெல்ல எடுத்தான். இடப்பக்கப் பின்சில்லு சுற்றியது. வலப்பக்கம் சுற்றவில்லை. ஐஸில் இழுபட்டது.

நான் நிறுத்தச் சொன்னேன். பின்சில்லுகளுக்கு முன்னால், சரிவுப் பக்கமாக, இரண்டு மரக்கட்டை வைத்து உதைத்து இறுக்கினேன். இது முறை. ஒட்டின ஷூவைத் தட்டிக் கழற்ற, பார்க்கிங் பிரேக்கை விடவேண்டும். பிரேக்கை விட்டால் லொறியைப் பிடிக்கக் கட்டைதான் இருக்கும். வேறொன்றும் இல்லை.

"ஹீற்றர் கொண்டு வாறன். சூடு காட்டினால் விடும்" என்றேன்.

"நேரம் போகுதண்ணை. நான் தட்டிப் பாக்கிறன்" என்றான் குகன்.

"தட்டு. கட்டை வைச்சிருக்கிறன்."

நான் ஹீற்றர் எடுக்கக் கராஜுக்குள் போனேன். வெளியே நடந்தது பிறகு கேட்டறிந்தது. குகன் பார்க்கிங் பிரேக்கை விட்டு இறங்கி, சுத்தியலோடு வலப்பக்கச் சில்லுக்கு முன்னால் படுத்தான். அந்த இடத்தில் இடக்கையால்தான் அடிக்கலாம். வலக்கையை ஐஸில் ஊன்றிக்கொண்டான்.

தவம் அண்ணை பழங்களோடு வந்தார். முதலில் இடப்பக்கம். கட்டை இடத்தைப் பிடித்திருந்தது. காலால் தட்டி ஒதுக்கிவிட்டுப் பழத்தை வைத்தார். பிறகு வலப்பக்கம். அங்கேயும் ஒதுக்கினார். குகன் அவர் காலடியில் ட்ரம்மைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தான். அவன் இதைக் காணவில்லை.

எனக்கு உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு டக் என்று ஒன்று. அது ஷூ விட்ட சத்தம். எனக்கு அது தெரியும். நல்லது, விட்டுவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே வந்தபோது லொறி ஒரு முழம் முன்னால் நின்றது. முன்சில்லு பனிக்குவியலில் முட்டியிருந்தது. பழங்கள் நசுங்கியிருந்தன. வலப்பக்கப் பின்சில்லு குகனின் கைக்கு மேல் நின்றது.

அவன் கத்தவில்லை. "அண்ணை, பின்னுக்கு எடுங்கோ" என்றான்.

நான் ஏறி ரிவேஸில் எடுத்தேன். அந்த வேலையை நான்தான் செய்தேன்.

புனிதமக்கா அம்புலன்சுக்குப் போன் அடித்தார். எதிர்ப்பக்கம் ஒரு பெண் பிரெஞ்சில் கேட்டாள். அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கும் வராது. தவம் அண்ணைக்கு வாயே வரவில்லை. குகன் கிடந்தபடி போனைக் காதுக்குப் பிடிக்கச் சொன்னான். அட்ரசை அவனே சொன்னான். "மா மேன், மதாம்" என்றான். என் கை, அம்மா என்று அர்த்தம். இரண்டு தரம் திருப்பிச் சொன்னான்.

4. ஆஸ்பத்திரியில்

தவம் அண்ணை கதிரையில் இருந்தார். விரலில் சந்தனம் காய்ந்திருந்தது.

"ஏனண்ணை கட்டையை எடுத்தனீங்கள்?"

"பழம் வைக்க இடமில்லை."

"அவன் கீழை கிடந்தானெல்லே."

"சில்லுதான் இறுகிக்கிடந்ததே, யோகன். லொறி அசையேல்லை. அசையாததை என்னெண்டு பயப்பிடுறது?"

அவர் பொய் சொல்லவில்லை. லொறி அசையாமல்தான் நின்றது. அதை அசைக்கத்தான் கீழே ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான்.

குகனை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோகமுதல் ஒருநிமிஷம் பார்க்கவிட்டார்கள். வலி மருந்தில் கண் செருகியிருந்தது.

"அண்ணை, லைசென்சை எடுத்துப்போடுவினமோ?"

"தெரியாதடா."

"மூண்டு தரம் எழுதினனான்."

"தெரியும்."

"அவளுக்குச் சொல்லாதையுங்கோ. பேந்து நானே சொல்லுறன்."

லொறியை நான் யார்டின் சமதரைக்கு எடுத்துவைத்தேன். மறுநாள் வேறொருவர் சாமானைக் கொண்டுபோனார். சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

நான் கண்டது இதுதான். கட்டை வைத்தவன்தான் கட்டை எடுக்கவேண்டும். முதலாளி என்றாலும் சாமி காரியம் என்றாலும், கீழே ஆள் கிடக்கும்போது ஒருவரும் கிட்ட வரக்கூடாது. படுக்கமுதல் உன் கண்ணால் கட்டையைப் பார். மற்றவன் வைத்தேன் என்று சொன்னதை நம்பிப் படுக்காதே. நான் சொன்னதையும் நம்பாதே. குகன் நான் சொன்னதை நம்பித்தான் படுத்தான்.

இதை அறிந்து அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்களுக்கு ஆகலாம்.

கட்டு அவிழ்த்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். நேர்ஸ் கடைசிச் சுற்றை எடுத்தாள். வலக்கையில் மிஞ்சிய விரல் இரண்டு.