கடைவாய்ப்பல்லை ஒப்புக்கொடுத்த வெள்ளிக்கிழமை

பல்லுக்குள் ஒன்றும் கிடையாது என்று ஐம்பது வயது தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் எனக்குப் படிக்கிறவன் என்று ஒரு பெயர் உண்டு. யார் என்ன சந்தேகம் கேட்டாலும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். பல்லைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "அது ஒரு கல்" என்று சொல்லியிருப்பேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்தக் கல்லில் ஓட்டை விழுந்தது. இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். வலது பக்கத்தில் மெல்லுகிற பற்கள் ஏற்கெனவே விடைபெற்றுவிட்டன. அந்தப் பக்கத்துக்கு நான் இட்லியைத் தவிர வேறெதையும் அனுப்புவதில்லை. ஆகவே வறுத்த மீன், முறுக்கு, வேர்க்கடலை என்று என் வாழ்க்கையில் மிச்சமிருந்த சந்தோஷங்கள் எல்லாமே இந்த ஒரு பல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். மனைவி டீயை விட்டிருந்தாள். முந்தின வருஷம் நான் இனிப்பை விட்டேன். சர்க்கரை நோய் வந்தவர் இனிப்பை விடுவது தவமாகாது என்று அவள் பங்குச் சாமியாரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு வந்தாள். இந்த வருஷம் சாம்பல் புதன் கழிந்து வாரங்கள் ஓடியும் நான் எதையும் விடவில்லை.

"ஊரே ஒண்ணொண்ண விட்டுட்டு நிக்குது. நீங்க எதத்தான் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கப் போறீங்க?" என்றாள்.

பட்ட கஷ்டத்தை ஆண்டவருக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுப்பது எங்கள் ஆட்களின் கைமருந்து. முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தாலும், பரீட்சையில் போனாலும், முதலில் வரும் வார்த்தை அதுதான். அழாதே, ஒப்புக்கொடு. மருந்து அப்புறம்.

"பல் வலி இருக்குல்ல, அத ஒப்புக்கொடுக்கறேன்" என்றேன்.

"அது தானா வந்தது. கணக்குல சேராது."

சிதம்பரத்தில் இருக்கும் மச்சான், அவளுடைய தம்பி, போன் செய்தான். "கடலூர்ல எங்கியும் போய் வாயத் தொறக்காதீங்க மாமா. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு இங்க கிளினிக் போட்டிருக்குது. கை ரொம்ப சாஃப்ட்டு." அந்தக் குடும்பம் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். தகப்பனார் சிங்கப்பூரில். மச்சான் என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டே வளர்ந்ததால் அந்தப் பெண்ணுக்கும் நான் மாமாதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். மச்சான் வண்டியோடு வந்து என்னை ஏற்றிக்கொண்டு கிளினிக்கில் இறக்கினான். இறக்கினதோடு போகாமல் உள்ளேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

அந்தப் பெண் நோன்பில் இருந்தாள். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாகவே வந்திருந்தன. விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், அடுத்தவர் வாய்க்குள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். எதையும் விடாத நான் அவள் முன்னால் அண்ணாந்து படுத்திருந்தேன். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"பள்ளம் ஆழமா இருக்கு மாமா. மரத்துப்போக ஊசி போட்டுடட்டுமா?"

"ஊசியெல்லாம் வேண்டாம்மா." வீரம் ஒன்றும் இல்லை, ஊசிக்கு எனக்குப் பயம். கேட்பவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"சரி. களிமண் மாதிரி ஒரு மருந்த கொஞ்சம் கொஞ்சமா வெச்சு, ஒவ்வொரு தடவையும் இந்த லைட்டக் காட்டுவேன். அதுலதான் இறுகும். சூடு ஏறும். தாங்கலன்னா உடனே இடது கையத் தூக்குங்க. நிறுத்திட்டுக் காத்து அடிச்சு ஆறவெச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்."

லைட் என்றால் பேனா தடிமனில் ஒரு குழல். அதன் நுனியில் நீல வெளிச்சம். பார்க்க அழகாக இருந்தது. வெளிச்சத்தில் போய் என்ன சூடு என்று நினைத்தேன். சித்திரை வெயிலில் கடலூர் பஸ் நிலையத்தில் நிற்கிறவன் நினைக்கக்கூடிய காரியமா அது? நினைத்தேன்.

முதல் தடவை வெதுவெதுப்பு. இரண்டாவது தடவை திடுக்கிட்டுப் போனேன். உதட்டில் சூடு இல்லை. நாக்கு சும்மா கிடந்தது. பல்லுக்கு நட்டநடுவில், அப்படி ஓர் இடம் என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாத இடத்தில், யாரோ அடுப்பு மூட்டினார்கள். கல்லுக்குள் ஆள் இருந்தது. அந்த ஆள் கத்தியது.

இடது கை கிளம்பியது. கிளம்பின கையை நிறுத்தியது மனைவியின் குரல். எதத்தான் ஒப்புக்கொடுக்கப் போறீங்க? இது தானாக வந்த வலி இல்லை. கையைத் தூக்கினால் நின்றுவிடும், தூக்காமல் இருப்பது என் இஷ்டம். கணக்கில் சேரும். இயேசு பாடுபட்ட வெள்ளிக்கிழமை வேறு. கையை மடியில் போட்டுவிட்டு ஒப்புக்கொடுத்தேன்.

"மாமா, ஜாஸ்தி சூடா இருக்கா?" அந்தப் பெண் கேட்கவும் செய்தாள். வாய் நிறையப் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும். கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

"மாமாவுக்கு எல்லாம் தாங்கும், நீ காட்டும்மா" என்றான் மச்சான்.

மறுபடி நீலம். மறுபடி அடுப்பு. தவக்காலத்தின் பாக்கி முழுவதையும் அந்த நாற்காலியிலேயே கழித்துவிட்டதாக எனக்கு எண்ணம். எழுந்து வாய் கொப்பளித்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"அழுதீங்களா மாமா?"

பெருமையாகச் சொன்னேன். ஒப்புக்கொடுத்ததை, கை எழுந்ததை, அதை நான் அடக்கியதை. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. முகமூடியைக் கழற்றினாள். உதடு வறண்டிருந்தது.

"விரல நீட்டுங்க. கட்டை விரல்."

நீட்டினேன். நகத்தின் மேல் அந்தக் குழலை வைத்து விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நகத்துக்கு அடியில் சுரீரென்று ஏறியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"இழுத்துக்கிட்டீங்க இல்ல? பல்லால இழுத்துக்க முடியாது. அதுக்குப் பதிலா தூக்கத்தான் கை. நான் கேட்டப்ப இதே விரலத்தான காட்னீங்க?"

"பல்லுக்கு என்னம்மா ஆயிடும்?"

"உள்ள ரத்தம் ஓடுது மாமா. நரம்பு இருக்கு. கொஞ்சம் சூடு ஏறினா அந்த ரத்தமே எடுத்துட்டுப் போயிடும். ஜாஸ்தியானா வீங்கும். வீங்க எடம் ஏது? சுத்தி சுவரு. அப்படியே செத்துடும். உங்களுக்கு ஆழம் வேற. அடியில பல்லு மெல்லிசாத்தான் இருந்துச்சு."

எனக்கு வாய் மூடவில்லை. பஞ்சு எடுத்த பிறகும் திறந்தே இருந்தது. இத்தனை வருஷம் ரத்தம் ஓடுகிற ஒன்றை வைத்துச் சோடா பாட்டில் மூடியைத் திறந்திருக்கிறேன்.

"நோன்புன்னா நம்ம பசிய நாம அடக்கறது மாமா. உடம்ப சுட்டுக்கிட்டு இருக்கறதா?" என்றாள். கோபத்தை விடக் கவலைதான் அதில் அதிகம் இருந்தது. "ரெண்டு மூணு வாரம் அந்தப் பக்கம் கடிக்காதீங்க. திரும்ப வாங்க, குளிர்ச்சி வெச்சுப் பாக்கறேன். சுருக்குன்னு வந்துட்டுப் போச்சுன்னா உயிரோட இருக்கு. ஒண்ணுமே தெரியலன்னா ரூட் கெனால்தான்."

மச்சான் வண்டியிலேயே என்னைத் திரும்பக் கொண்டுவந்தான். பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, "என் மேல அக்கா கோபப்படும், நான் உள்ள இருந்தேன்னு சொல்லாதீங்க" என்றான்.

அந்த வாரங்களில் என் வீடு ஒரு பல்லைச் சுற்றி நடந்தது. முதல் இரண்டு நாள் சூடாக எது பட்டாலும் விண்ணென்று தெறித்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது. அடங்கினது ஆறினதாலா, செத்ததாலா என்று தெரியவில்லை. சில்லென்ற தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். எனக்குத் தைரியம் இல்லை. பிரிட்ஜைத் திறந்து பாட்டிலைப் பார்த்துவிட்டு மூடினேன்.

"வலிக்குதா?" என்பாள் மனைவி காலையில்.

"இல்ல."

அவள் முகம் தொங்கிப்போகும். பிறகு தெரிந்தது, ஜெபமாலை முடிவில் அவள் என் வலிக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். வலி போக இல்லை, வர. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் உள்ளூர அதைத்தான் வேண்டுகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது; இப்போதுதான் அதை அவள் வாயாலேயே கேட்டேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் மறுபடி சிதம்பரம். இந்தத் தடவை மனைவியும் வந்தாள். மச்சான் வெளியிலேயே நின்றுகொண்டான். டாக்டர் பெண் சின்னப் பஞ்சு உருண்டையில் ஏதோ பீய்ச்சினாள். பஞ்சு பனியாக வெளுத்தது. "தெரிஞ்ச உடனே கையத் தூக்குங்க. இந்தத் தடவ யாருக்கும் ஒண்ணும் கொடுக்காதீங்க."

கண்ணை மூடினேன். இடது கையைத் தூக்கினேன்.

"மாமா, நான் இன்னும் வெக்கவே இல்ல."

மனைவி தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கையை இறக்கினேன். வறுத்த மீனை நினைத்தேன். பல்லின் மேல் ஏதோ தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது சுருக்கென்றது. உள்ளே, அதே நட்டநடுவில், அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து திட்டியது. கை தானாக மேலே போய், தலைக்கு மேல் இருந்த பெரிய விளக்கில் இடித்தது.

அவள் பஞ்சை எடுத்தாள். வலி கொஞ்சம் நின்று, தேய்ந்து, போனது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள். "ஆண்டவரே ஸ்தோத்திரம்" என்றாள் மனைவி. தூக்கின கையை இறக்க மறந்து நான் படுத்திருந்தேன். அந்த வலியை மட்டும் யாருக்கும் ஒப்புக்கொடுக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.