பூட்டிய கதவும் நன்றிக் கடிதமும்

மண்ணரையில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு, சர்வதேச அமைப்பொன்றின் குழு தொழிலாளர் நலன் பார்க்க வந்தது. பெண்கள் எங்களுக்கான கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி சூப்பர்வைசரின் பாக்கெட்டில் இருந்தது. இனிமேல் திறந்தே வைக்கச் சொன்னார்கள். முதலாளி கைகூப்பி, "பாக்கலாமுங்க" என்றார். முடியாது என்பதை எங்கள் ஊரில் இதைவிட மரியாதையாகச் சொல்ல வழியில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் குழுவிடமிருந்து நான்கு பக்க ஆங்கிலக் கடிதம் வந்தது. கழிப்பறை என்ற அசிங்கமான சொல் அதில் எங்குமே இல்லை. 'நிர்வாகத்தின் நல்லெண்ணத்தைப் பாராட்டுடன் கவனத்தில் கொள்கிறோம். ஆக்கபூர்வமான உரையாடலைத் தொடர விழைகிறோம்' என்று முதலாளிக்குத் தமிழில் சொன்னேன். சிரித்தார்.

"அவிங்களும் பாக்கலாமுங்கன்னுதான் சொல்றாங்க கண்ணு."

அதைவிடப் பணிவான ஆங்கிலத்தில் நானே நன்றிக் கடிதம் அடித்தேன். அடித்து முடித்துவிட்டு எழுந்துபோய், சூப்பர்வைசரிடம் கழிப்பறைச் சாவிக்குக் கை நீட்டினேன்.