மூட்டைக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு

என் வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை முடிந்து சைக்கிளில் வரும் வழியில் பாதி தூரம் ஹைவேயை ஒட்டிய சர்வீஸ் ரோடு. விளக்குக் கம்பங்கள் வரிசையாக இருக்கும், எரிவது சிலதுதான். ஏப்ரல், மே மாதங்களில் எனக்கு அது பெரிய விஷயமில்லை. அவர் கிளம்பும்போது வெளிச்சம் மிச்சமிருக்கும். நவம்பர் பிறந்தால் வேலை முடியும்போதே இருட்டிவிடும், நானும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க ஆரம்பிப்பேன். அதுவும் அவர் வெறும் சைக்கிளில் வருவதில்லை. எனக்காக மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார்.

மூட்டையில் இருப்பது ஷூவின் மேல்பாகம். ஆம்பூர்ப் பக்கம் அதற்கு அப்பர் என்றே பெயர். முன்பக்கத்துச் சுருக்கத்தைக் கையால் தைத்துக் கொடுப்பது எங்கள் தெருப் பெண்களின் வேலை. ஷூ கம்பெனியிலிருந்து ஏஜென்ட் ஒருவர் சாக்கு சாக்காக எடுத்துவந்து டவுனில் குடோனில் வைத்திருப்பார். நான் தைத்து முடித்த சாக்கை இவர் காலையில் அங்கே இறக்கிவிட்டு டேனரிக்குப் போவார். சாயங்காலம் புதுச் சாக்கை கேரியரில் வைத்து, பழைய சைக்கிள் ட்யூபால் இழுத்துக் கட்டிக்கொண்டு வருவார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்த வயதிலிருந்தே கவலைப்படுகிறவள். கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருவேன். அதனால் நான் பயப்படுகிறேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு வருஷம் நவம்பரில் இவரோடு வேலை செய்கிற ஒருவரை, இருட்டில் சைக்கிளில் போகும்போது பின்னாலிருந்து வந்த மினி லாரி தட்டிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். அவர் மனைவி வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள்.

"டிரைவர் ஓடிப்போவலக்கா. அவனேதான் தூக்கினு வந்து சேர்த்தான். சின்னப் பையன், நின்னு அழுவுறான். 'தெரியவே இல்லம்மா, தெரிஞ்சிருந்தா திருப்பியிருப்பேன்'னு அதையே சொல்லினு இருந்தான்."

தெரியவே இல்லை. அந்த வார்த்தை என்னை விடவில்லை. குடிகார டிரைவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவன் நல்லவன், குடிக்கவில்லை, ஓடவில்லை. தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "மட்கார்டுல சிவப்புக் கண்ணாடி இருக்குது இல்ல? லைட்டு பட்டா மின்னும்," என்றார். போய்ப் பார்த்தேன். பாதி உடைந்து, மிச்சப் பாதி தூசியில் செங்கல் நிறத்தில் இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்து போனில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சோப்புப் போட்ட செங்கல் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை நானே டவுனுக்குப் போனேன். பஜாரில் ஒரு சைக்கிள் கடை பாய் உண்டு. கடை வாசலில் பஞ்சர் பார்க்கிற தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பின்னாடி லைட்டு வேணும் பாய்."

"யாருக்கும்மா? பையனுக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

"அவரு கேட்டாரா?"

"இல்ல."

"அப்ப உனக்குன்னு சொல்லு," என்று சிரித்துவிட்டு உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து பெஞ்சில் வைத்தார்.

முதலில் டைனமோ. செல் வேண்டாம், செலவில்லை, சக்கரம் சுத்தினால் எரியும் என்றார்.

"நின்னா?"

"நின்னா அணைஞ்சிடும். நிக்கிறவனுக்கு எதுக்கு லைட்டு?"

"நிக்கும்போதுதானே பாய் இடிப்பாங்க."

பாய் டைனமோவைத் தள்ளி வைத்தார். அடுத்தது போன் மாதிரி சார்ஜ் போடுவது. எங்கள் வீட்டில் இவர் தன் போனுக்கே சார்ஜ் போட மறக்கிறவர். அதையும் வேண்டாம் என்றேன். கடைசியில் பென்சில் செல் போடுகிற ஒன்று. பாதி எலுமிச்சம்பழம் மாதிரி சிவப்பாக இருந்தது. அட்டையில் எல்லாம் இங்கிலீஷ், எழுத்துக் கூட்டிப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. பட்டனை அமுக்கினேன். நின்று எரிந்தது. மறுபடி அமுக்கினேன், மினுக்கியது. இன்னொரு முறை அமுக்கினால் பைத்தியம் பிடித்த மாதிரி மினுக்கியது.

"மினுக்கலே வெச்சிக்கோ. அப்பதான் டிரைவர் கண்ணுல குத்தும்," என்றார் பாய்.

"கண்ணுல குத்தி, அவன் கோவத்துல ஏத்திட்டா?"

பாய் கையைத் துணியில் துடைத்தார். "உன் வீட்டுக்காரரு ரொம்ப நல்ல மனுசன்மா," என்றார்.

"மழையில நனைஞ்சா என்ன ஆவும் பாய்?"

"பேஜார் பண்றியே!" என்று அதை எரிய எரிய அப்படியே பஞ்சர் தொட்டியில் முக்கிப் பிடித்தார். அழுக்குத் தண்ணீருக்குள் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. ட்யூபைப் பார்க்கிற மாதிரியே குனிந்து பார்த்துவிட்டு, "குமிழி வரல. பஞ்சர் இல்ல. எடுத்துனு போ," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்ததும் அதை மாட்டினோம். சீட்டுக்குக் கீழே இறங்குகிற தண்டில் ரப்பர் வளையத்தைச் சுற்றி மாட்டினால் போதும், ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். எனக்குத் திருப்தியாக இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வந்ததும் மூட்டையை இறக்க விடாமல், "அப்டியே திரும்பி அந்த ஆலமரம் வரைக்கும் போங்க, நான் பின்னாடி நின்னு பாக்கிறேன்," என்றேன்.

"வேலை செஞ்சிட்டு வந்திருக்கேன்டி."

"ஒரு வாட்டிதான்."

போனார். எதிர்வீட்டுப் பெண் அப்பர் தைத்தபடியே வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "இன்னாக்கா, மாமாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட்டா? எட்டு போடச் சொல்லு!"

எனக்கு வெள்ளைச் சாக்கு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் தள்ளிப் போனதும் அதுவும் தெரியவில்லை.

"எரியுதா?" என்று கத்தினேன்.

"எரியுது! எரியுது!" என்று அவர் ஆலமரத்தடியிலிருந்து கத்தினார்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. சீட்டுக்கும் சாக்குக்கும் நடுவில், யாருக்கும் தெரியாமல். மூட்டை கேரியரில் அவர் முதுகு உயரத்துக்கு நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் விளக்கை மாட்டியது வெறும் சைக்கிளில்.

அப்புறம் மட்கார்டில் வைத்துப் பார்த்தோம். அந்த ரப்பர் வளையம் உருண்டைக் கம்பிக்குச் செய்தது, தகட்டில் நிற்கவில்லை. தோல் துண்டை மடித்து அடியில் வைத்துக் கட்டினேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வீட்டுக்கு வரும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை வந்த அன்றைக்குச் சேறு மூடிவிட்டது.

விளக்கை மூட்டை மறைக்கிறது என்றால், மூட்டையிலேயே விளக்கை வைத்தால் என்ன? எனக்குத் தெரிந்த வேலை தையல். மெல்லிசான கறுப்புத் தோலில் விளக்கு அளவுக்கு ஓட்டை போட்டு, சின்னப் பை மாதிரி ஆக்கி, ஷூவுக்குப் போடுகிற அதே மெழுகு நூலால் சாக்கின் பின்பக்கம் சுற்றிலும் தைத்துவிட்டேன். என் தையல் அவ்வளவு சீக்கிரம் பிரியாது. சாக்கை வண்டியில் ஏற்றி மறுபடியும் ஆலமரம் வரை போகச் சொன்னேன். ஆலமரத்தைத் தாண்டி, கால்வாய்க் கல்வெர்ட் வரை பளிச்சென்று தெரிந்தது.

எதிர்வீட்டுப் பெண் அவள் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தாள். "நாங்கெல்லாம் வீட்டுக்கு ஸ்டார் கட்றோம், நீ மூட்டைக்குக் கட்றியாக்கா," என்றாள். அன்றைக்கு அவள் கேலிகூட எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தச் சாக்கில் இருந்ததைத் தைத்து முடித்து, அதே சாக்கில் கட்டி, விடியற்காலைப் பனியில் நானே பட்டனை அமுக்கி அவரை அனுப்பினேன். தெருமுனை திரும்பும்வரை மினுக்கிக்கொண்டே போனது. உள்ளே வந்து, அடுப்பைப் பற்றவைத்து, காபி குடித்து, மிச்சம் வைத்திருந்த ஜோடிகளோடு தையலுக்கு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்கும்போதுதான் கை நின்றது.

சாக்கு திரும்பி வராது.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கொடுத்த சாக்கு கம்பெனிக்குப் போய்விடும், வருவது வேறு சாக்கு. இத்தனை வருஷமாக அப்படித்தான். அது தெரிந்தே விளக்கைச் சாக்கில் வைத்துத் தைத்திருக்கிறேன், அதுவும் பிரியாத தையலாக.

இவருக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அடித்துக்கொண்டே இருந்தது. ஏஜென்ட்டும் எடுக்கவில்லை. அன்றைக்குத் தைத்ததில் இரண்டு ஜோடி கோணலாகி, பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

இருட்டியதும் தெருமுனையில் போய் நின்றேன். வழக்கமாக வருகிற நேரம் தாண்டிவிட்டது. ரோட்டில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி வேகமாகப் போகும்போதும், இதுவாக இருக்குமோ, இவனுக்குத் தெரியாமல் போயிருக்குமோ என்று தோன்றியது. எதிரே வருகிறவரின் பின்விளக்கு இங்கிருந்து கண்ணில் படாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் சிவப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது தூரத்தில் சிவப்பாக ஏதோ மினுக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. பின்னால் இருக்க வேண்டியது எப்படி முன்னால் வருகிறது என்று புரியவில்லை. கிட்டே வந்ததும் பார்த்தால் இவர். விளக்கு சட்டைப் பையில். துணிக்குள்ளிருந்து நெஞ்சில் மினுக்கிக்கொண்டிருந்தது. கேரியரில் மூட்டை இல்லை.

"இதை அணைக்கவே தெரியலடி. அமுக்க அமுக்க வேற வேற மாரி மினுக்குது," என்றார்.

"இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

"ஏஜென்ட் குடோன்ல. அவரு என்னை நிறுத்தி வெச்சி திட்டினு இருந்தாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "கம்பெனி கேட்ல வாட்ச்மேன் பாத்திருக்கான், மூட்டைக்குள்ள சிவப்பா இன்னாவோ மினுக்குது. எல்லாரையும் பின்னாடி போ, பின்னாடி போன்னு கத்தி, லோடு வண்டியையே கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டான். யாரும் கிட்ட போவல. அப்பால ஏஜென்டே போயி பிளேடு வெச்சி அறுத்து எடுத்தாராம். அறுக்கவே வர்லயாம், அப்டி தச்சிருக்கியாம்."

"என்ன சொன்னாரு?"

"'உங்க வீட்டம்மாவை அப்பரை மட்டும் தைக்கச் சொல்லு'ன்னாரு. இன்னிக்கு மூட்டை குடுக்கல. நாளைக்கு வான்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மூட்டை வாணாம்னா சொல்லிடு. நான் எடுத்துனு வர்ல. வெறும் வண்டின்னா லைட்டு சீட்டுக்குக் கீழயே நல்லாத் தெரியும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர் பின்னால் ஏற்றி வருவது என் வேலை. அதை விட்டால் அவர் வெறும் வண்டியில் வருவார். விட்டால் நான் என்ன செய்வது என்றும் தோன்றியது. தைக்கும்போது மட்டும்தான் என் தலைக்குள் சத்தம் கொஞ்சம் அடங்கும்.

அவர் உள்ளே போனார். நான் சைக்கிள் பக்கத்திலேயே நின்றேன். மூட்டை இல்லாததால், அதைக் கட்டுகிற ட்யூப் கேரியரில் சும்மா சுற்றியிருந்தது. சாக்கு போகும், வரும். இந்த ட்யூப் மட்டும் எங்கேயும் போவதில்லை. எந்தச் சாக்கை வைத்தாலும் அதன் முதுகின் மேல் சுற்றிக்கொண்டு வருவது இதுதான்.

ட்யூபில் ஊசி போடக்கூடாது. ஓட்டை விழுந்த ரப்பரை இழுத்தால் அங்கேயே கிழியும். அதனால் தோலில் உறை மாதிரி ஒன்று தைத்து, ட்யூபை அதற்குள் நுழைத்து, விளக்கின் பையை உறையின் மேல் வைத்துத் தைத்தேன். மூட்டையைக் கட்டியபின் உறையை நகர்த்திப் பின்பக்கம் நடுவில் கொண்டுவந்துவிடலாம்.

"மூட்டை இல்லாத அன்னிக்கு இது வானத்தைப் பாத்து இல்ல எரியும்?" என்றேன்.

"ஏரோப்ளேன்காரனுக்குத் தெரியட்டும்," என்றார். ஆனால் மறுநாளிலிருந்து மழைக்கோட்டைச் சுருட்டி கேரியரில் வைத்துக்கொண்டார். மூட்டை இல்லாவிட்டால் அதன்மேல் சுற்றினால் விளக்கு பின்னால் பார்க்கும். அப்படிச் செய்யச் சொன்னது நானில்லை.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க டவுனுக்குப் போய்விட்டு ஒரு சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்சீட்டு கிடைத்தது. முன்கண்ணாடி வழியாக ரோடு தெரியும். பஸ் சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் தூரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி மினுக்கியது. சைக்கிள் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை, புள்ளி மட்டும்தான். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். ஹாரன் அடித்து, வலது பக்கம் நன்றாக ஒதுங்கினார்.

"எவனோ மூட்டைக்கு லைட்டு வெச்சினு போறான் பாரு," என்றார் கண்டக்டரிடம்.

"பெரிய வண்டிக்காரன் போல," என்றார் கண்டக்டர்.

பஸ் தாண்டும்போது ஜன்னலில் பார்த்தேன். வெள்ளைச் சாக்கு, அவர் முதுகு, பெடல் மிதிக்கிற கால். திரும்பிப் பார்க்காமல் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினார். கூப்பிடலாம் என்று வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை. தடுமாறிவிட்டால்?

எனக்குப் பின்னால்தான் வீட்டுக்கு வந்தார். டீ கொதித்துக்கொண்டிருந்தது.

"செல்லு மாத்தணும். கொஞ்சம் மங்கலா எரியுது," என்றேன்.

"நான் அணைச்சிட்டுதானே உள்ள வந்தேன். நீ எங்க பாத்த?"

"பஸ்ல வரும்போது. உங்க பின்னாடிதான் வந்தோம்."

டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். "எப்டி இருந்துச்சி?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிது," என்றேன். "ஆனா செல்லு மாத்தணும்."