பால் விட்ட தேத்தண்ணி

வேலை முடிந்த அலுப்போடு வுப்பர்டால் நகரின் ரஷ்யக் கடையில் நிற்கையில் தேனில் உருட்டிய பலகாரம் மணந்தது. கூட வந்த மகள், கோடையில் ரஷ்யாவின் கசான் நகருக்குச் சுற்றுலா போகிறவள், "அப்பா, சின்னனிலை அங்கை இருந்தனீங்கள்தானே, என்னத்தைப் பாக்கலாம்?" என்றாள்.

களவாய் ஜேர்மனிக்கு வரும் வழியில் ஏஜென்சிக்காரன் அம்மாவையும் என்னையும் அடைத்துவைத்த அந்த அறையில், விலக்கக் கூடாத யன்னல் திரைக்கு அப்பால் பாங்கொலியும் தேவாலய மணியும் டிராமின் கிறீச்சொலியும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டேயிருக்கும். பின்னேரங்களில் பக்கத்து வீட்டு, அந்த ஊர்த் தாத்தார் இனப் பெண் இதே பலகாரமும் பால்தேநீருமாகக் கதவைத் தட்டுவாள். முதல்நாள் அம்மா கதவுத் துவாரத்தால் பார்த்துவிட்டு, "தேத்தண்ணிக்குப் பால் விடுற சனம் பொலிசுக்குக் காட்டிக் குடுக்காது" என்று திறந்தாள். அவள் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்த நகரத்தில் நான் பார்த்தது அவள் முகம் மட்டுமே.

"அந்த மணி எங்கை அடிக்கிறதெண்டு பாத்துவந்து எனக்குச் சொல்லு, பிள்ளை" என்றேன்.