எனக்காகப் பதில் சொன்னவர்

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. மீனில் முள் எடுத்துத்தான் என் சோற்றுக் கோப்பையில் வைப்பார். எங்கே நோகிறது என்று டொக்டர் என்னைக் கேட்டால் அப்பா சொல்லுவார், சரியாகவும் சொல்லுவார். அந்த அன்புக்குள் என் நாக்கு மெல்ல மெல்ல உறங்கிப்போனது. இந்த வயதிலும் யாராவது ஏதும் கேட்டால், பக்கத்தில் அவர் நிற்கிறாரா என்று என் கண் தேடும்.

மூதூரில் ஆசிரியை வேலை கிடைத்தபோது அவரும் என்னோடு படகேறினார்.

"என்ன பாடம் படிப்பிக்க விருப்பம், பிள்ளை?" என்று பாடசாலை அதிபர் கேட்டார்.

"கணக்கு, சேர். அவவுக்குக் கொஞ்சம் கூச்சம்," என்றார் அப்பா.

அதிபர் சிரித்தார். "அப்ப நாளைக்கு வகுப்புக்கும் நீங்கதான் வருவீங்களோ, ஐயா? கொஞ்சம் வெளியில இருங்களன்."

அப்பா எழுந்து போனார். அதிபர் மறுபடி கேட்கவில்லை. தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். யன்னலுக்கு வெளியே அப்பாவின் உதடுகள் அசைந்தன. குழந்தைக்குச் சோறூட்டும்போது தாயின் வாயும் திறக்குமே, அப்படி. கணக்கு, கணக்கு.

"சித்திரம்," என்றேன்.

அந்த உதடுகள் நின்றுபோயின.

திரும்பும் படகில் அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகம் தெரியத் தொடங்கியபோதுதான் கேட்டார்: "சித்திரமோ பிள்ளை, உனக்கு விருப்பம்?"

விடை தெரியாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொற்களைத் தேடித் தேடிச் சொல்லி முடிக்கும்வரை, குறுக்கே ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்தார்.