தில்லைப் பால்

அந்த மரத்தைத் தறித்துப்போட நான் கத்தியோடு போனது உண்மைதான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது வட்டுக்கோட்டையில் தெரியாத ஆள் இல்லை. ஆனால் ஏன் போனேன் என்பதையும் சொல்லவேண்டும்.

மார்கழி, திருவெம்பாவை நாட்கள். தென்னைகளுக்குப் பசளையாகப் போட, கரையில் ஒதுங்கும் சாதாளைக் கடற்புல் கிடைக்குமா என்று பார்க்க நானும் மனைவியும் அராலிப் பக்கம் போயிருந்தோம். மாரி வெள்ளம் இறங்கிக் கடலோடு கலக்கிற இடம் அது. தண்ணீரை வாயில் விட்டால் உப்பும் இல்லை, நன்னீரும் இல்லை. கண்டல் மரங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவந்த இலைகளோடு நின்றது. பக்கத்தில் ஒரு பெண் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, உதென்ன மரம்?” என்று மனைவி கேட்டாள்.

“தில்லை, அக்கா.”

மனைவி அப்படியே நின்றுவிட்டாள். சின்ன வயதிலிருந்து தேவாரத்தில் பாடிவந்த தில்லை, சிதம்பரத்துச் சுவாமியின் மரம். அது எங்கள் தோட்டத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் சேற்றுக்குள் நிற்கிறது. இத்தனை காலமும் எங்களுக்குத் தெரியாது. செம்மண்ணை விட்டால் வேறொன்றையும் பாராத சனம் நாங்கள்.

“இஞ்சருங்கோ, ஒரு கொப்பு முறிச்சுத் தாங்கோ. சுவாமிப் படத்துக்கு வைப்பம்.”

முறித்துக் கொடுத்தேன். வெள்ளையாகப் பால் வடிந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கி, கோயில் பூவை ஒற்றிக்கொள்வதுபோல இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கும்பிடும்போது கண்ணை இறுக மூடுகிறவள் அவள். அன்றும் மூடித்தான் இருந்தாள். திறந்தபோது பால் உள்ளே போய்விட்டது.

“எரியுது,” என்றாள். பிறகு அப்படியே சேற்றில் குந்திவிட்டாள். அந்தப் பெண் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் அவள் கண்ணில் ஊற்றினாள். நான் அந்தப் பெண்ணிலேயே பாய்ந்தேன்.

“முதலே சொல்லியிருக்கக் கூடாதோ?”

“நீங்கள் பேரைத்தானே கேட்டனீங்கள், அண்ணை. இப்ப அக்காவின்ரை தலையைப் பிடியுங்கோ.”

ஆசுப்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். முறித்தது என் கை. அந்தக் கையால்தான் அன்றிரவு அவளுக்குச் சோறு ஊட்டினேன். அவள் என்னைக் குறைசொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள்தான் கத்தியோடு போனேன். அதே பெண் அங்கே இருந்தாள். முதலில் மனைவியைப் பற்றி விசாரித்தாள். பிறகு கத்தியைப் பார்த்தாள்.

“தறியுங்கோ. பால் உங்கடை கண்ணிலையும் தெறிக்கும். உது விறகுக்கும் ஆகாது, அண்ணை. புகையும் கண்ணுக்குக் கூடாது. மற்ற மரங்களிலை பாதி அடுப்புக்குப் போயிட்டுது, உதைத்தான் ஒருத்தரும் தொடேல்லை. உதுக்குக் கீழைதான் எங்கடை நண்டு, இறால் எல்லாம் வளருது.”

குனிந்து பார்த்தேன். வேர்களுக்கிடையில் நகத்தளவு நண்டுகள் ஒரு பெரிய கையைத் தூக்கித் தூக்கிக் காட்டின. கலங்கல் தண்ணீரில் மீன் குஞ்சுகள் ஒரே பக்கமாகத் திரும்பின. சுற்றிலும் அலை கரையை அரித்திருந்தும் அந்த மரத்தடி மண் அப்படியே இருந்தது. அந்த உயிர்கள் ஒன்றும் என்னைக் கவனிக்கவில்லை. இதையா தறிக்க வந்தேன் என்று வெட்கமாக இருந்தது. கத்தியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும், “தறிச்சுப் போட்டியளோ?” என்று மனைவி கேட்டாள். கத்தி எடுத்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

“இல்லை.”

“நல்லது. பிழை எங்கடை.”

ஆறாம் நாள் கட்டவிழ்த்தார்கள். அவள் இமைகளை மெல்லத் திறந்து நீண்ட நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, உதென்ன தாடி? சேவ் எடுக்கேல்லையே?”

டொக்டர் சிரித்தார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

கண் சிவப்பு முழுவதும் மாறிய பிறகு, அந்தப் பெண்ணுக்குப் பலகாரமும் கொண்டு இருவருமாகப் போனோம். மனைவி மரத்துக்குப் பத்தடி தள்ளி நின்று கைகூப்பினாள். கிட்டப் போகவில்லை. வழக்கம்போலக் கண்ணை மூடுவாள் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. சிவந்த இலைகளையும் அடியில் ஓடிய நண்டுகளையும் பார்த்தபடியே கும்பிட்டாள்.